மாவு பொங்கும் தூரம்

1

இந்தக் கதை எனக்கு மின்சார ரயிலில் கிடைத்தது. 1987, ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. தாம்பரத்திலிருந்து பீச் போகும் வண்டி. ஞாயிறன்று எனக்கு ஆபீஸ் கிடையாது. ஆனாலும் சீசன் டிக்கெட் சும்மா இருக்கிறதே என்று ஜன்னலோரக் காற்றுக்காகப் போய் வருவேன். கதை எழுதுகிறவன் என்று ஒரு பெயர் வந்துவிட்டால் இப்படிச் சுற்றுவதற்கு வீட்டில் காரணம் கேட்பதில்லை.

ஒரே ஜன்னலோரம் எதிரெதிரே ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வெள்ளை வேட்டி சட்டை, மடியில் ஓர் எவர்சில்வர் தூக்கு. மற்றவர் காக்கி பேண்ட், கையில் டார்ச் லைட். வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனில் நிற்கும்போதும் வேட்டிக்காரர் தூக்கின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். காக்கி பேண்ட்காரர் முன்னால் குனிந்து டார்ச் அடித்து அவரும் பார்த்தார். பிறகு பின்னால் சாய்ந்துகொண்டார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

கிண்டி தாண்டியதும் காக்கி பேண்ட்காரர் என்னைப் பார்த்தார்.

“சார், அவராண்ட கொஞ்சம் சொல்லுங்க. சும்மா சும்மா மூடியத் தொறந்தா உள்ள கீற சூடு பூடும்.”

நான் திரும்புவதற்குள் வேட்டிக்காரரும் என்னிடமே பேசினார்.

“தொறக்காம எப்டி பாக்கறதுன்னு கேளுங்க சார்.”

அவர்கள் இருவரின் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தால் அதிகம். அந்த ஒரு சாணைக் கடக்க அவர்களுக்கு நான் தேவைப்பட்டேன்.

தூக்கில் இருந்தது இட்லி மாவு.

[மாவு எதற்கு ரயிலில் போகிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் பக்கம் வரை மூடி வைத்திருந்து திறந்து காட்டுகிற கதை இது இல்லை.]

அந்த மாவு ஆப்பிரிக்காவில் இருக்கிற லுசாகா என்ற ஊருக்கு விமானத்தில் போக வேண்டும். போய்ச் சேரும்போது நன்றாகப் பொங்கி, புளித்துப்போகாமல், உடனே இட்லி ஊற்றுகிற பதத்தில் இருக்க வேண்டும். வழியெல்லாம் குலுங்கினால் மாவு என்ன ஆகும்? அதைப் பார்க்கத்தான் பீச் வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘சென்னை மீனம்பாக்கத்துக்கும் ஜாம்பியா நாட்டின் தலைநகரான லுசாகாவுக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ ஆறாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்.’ கதையா, பரீட்சைக்குப் படிக்கிற புத்தகமா என்று என் மனைவி கேட்டாள். அடித்துவிட்டேன்.

‘இரும்புலியூருக்கு மேலே விமானம் பறக்காத நாள் இல்லை. அரிகிருஷ்ணன் தலையைத் தூக்கிப் பார்ப்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஏனென்றால்—’ இதையும் பாதியில் விட்டேன். ஆனால் விஷயம் இதற்குள் இருப்பதால் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

வேட்டிக்காரர்தான் அரிகிருஷ்ணன். இரும்புலியூர் வயலும் வரப்புமாக இருந்த காலத்திலிருந்து அவர்கள் குடும்பம் அங்கே இருக்கிறது. வயல் மனையாகி, மனை வீடான பிறகு ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமெண்ட், கம்பி, பெயிண்ட் விற்கிற கடை வைத்தார். ஒரே மகள் ஜெயக்கொடி.

காக்கி பேண்ட்காரர் சவுரிமுத்து. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் வீடு. தாம்பரம் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. அவருக்கு ஒரே மகன், தாவீது. கணக்கு வாத்தியார்.

ஜெயக்கொடியும் தாவீதும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அரிகிருஷ்ணன் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு மகளோடு பேசவும் இல்லை. சில மாதத்தில் தாவீதுக்கு ஜாம்பியாவில் வேலை கிடைத்தது. அவர்கள் விமானம் ஏறிய அன்று அரிகிருஷ்ணனின் மனைவி தையல்நாயகி மட்டும் மீனம்பாக்கம் போய் வழியனுப்பிவிட்டு வந்தார். அரிகிருஷ்ணன் கடையிலேயே இருந்தார். விமானம் கடைக்கு மேலேதான் போனது. சத்தம் அடங்குகிற வரை அவர் குனிந்து தராசைத் துடைத்துக்கொண்டிருந்ததாகக் கடைக்குப் பக்கத்தில் பூக்கட்டும் புஷ்பம் சொன்னார்.

[பாதகன் ஒருவன் இருந்தால் கதைக்கு வசதி என்று இவரை முதலில் கடுமையான ஆளாக எழுதினேன். பிறகு தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த விதம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கடுமை ஒட்டவில்லை. கிழித்துவிட்டேன்.]

1987 பொங்கல் கழிந்த வாரம், சவுரிமுத்து லெவல் கிராசிங்கைத் தாண்டி வந்து, கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக அந்தக் கடை வாசலில் நின்றார். உள்ளே ஏறவில்லை. கடைக்குப் பொதுவாகப் பேசுவதுபோலப் பேசினார். மருமகள் மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. ஆள் பாதியாகிவிட்டாள். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா கையால் இட்லி கிடைத்தால் சாப்பிடுவேன் என்கிறாள். தாவீது டிக்கெட் அனுப்புகிறான், அவள் அம்மாவை அனுப்பிவைக்க வேண்டும்.

அரிகிருஷ்ணன் வாடிக்கையாளருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். ஒரு கிலோ கேட்டவருக்கு இரண்டு கிலோ நிறுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் பாஸ்போர்ட் எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

பாஸ்போர்ட் வருவதற்கு ஏப்ரல் ஆகிவிட்டது. ஜெயக்கொடிக்கு ஆறாவது மாதம். வாந்தி குறைந்திருந்ததே தவிர சாப்பாடு இறங்கவில்லை.

3

இனி தூரம்.

நான் பீச் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. எந்தத் துறைமுகத்துக்கு எத்தனை கடல் மைல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இதை ரயிலில் உளறிவிட்டேன். மாம்பலம் வருவதற்குள் இருவருக்கும் நான் ஆகாய மார்க்கத்திலும் நிபுணன் ஆகிவிட்டேன்.

மறுநாள் ஆபீஸ் அட்லஸில் மெட்ராஸுக்கும் லுசாகாவுக்கும் நூல் பிடித்துப் பார்த்தேன். நூல் முக்கால்வாசி கடல் மேலேயே போனது. விமானத்தின் வேகத்தால் வகுத்தேன். அன்று சாயந்தரம் கடைக்குப் போய், நேராகப் பறந்தால் எட்டு மணி நேரம் என்று சொன்னேன்.

இருவர் முகமும் ஒரே சமயத்தில் மலர்ந்ததை அப்போதுதான் முதலில் பார்த்தேன். ஏப்ரல் மாத இரும்புலியூரில் இட்லி மாவு பொங்குவதற்கும் எட்டு மணி நேரம்தான். கடவுளே கணக்குப் போட்டு ஊரை வைத்ததுபோல இருந்தது அவர்களுக்கு.

அப்படி நேராகப் போகிற விமானம் கிடையாது என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மெட்ராஸிலிருந்து பம்பாய். அங்கே ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டும். பம்பாயிலிருந்து நைரோபி. அங்கே இறங்கி இன்னொரு விமானம் பிடித்து லுசாகா. எட்டு மணி நேரத் தூரத்துக்கு ஒன்றரை நாள் பயணம்.

(கட்டுரைபோல ஒரு பத்தி எழுதிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் இரண்டு ஊருக்கு இடையே ஒரு தூரம்தான் இருக்கிறது. பயணம் செய்கிறவர்களுக்கு அது இன்னொன்று. கோடம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வருவதற்கு, சிக்னலில் வண்டி நின்ற நாளில், எனக்கு ஆன நேரத்தில் சிங்கப்பூர் போய்விடலாம். ஆக ஒரு ஊர் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், போகிறது யார், காத்திருக்கிறது யார் என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. பத்தி முடிந்தது.)

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். அரிசியும் உளுந்தும் கொண்டுபோய் அங்கேயே அரைத்தால் என்ன? எனக்கும் வந்தது. தையல்நாயகி அம்மாளுக்கு எங்கள் எல்லோருக்கும் முன்பே வந்தது. லுசாகாவில் குஜராத்திக்காரர்கள் கடை இருக்கிறது, உளுந்துகூடக் கிடைக்கிறது என்று மகள் எழுதியிருந்தாள். அதை அரிகிருஷ்ணன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அம்மா போய், ஊறவைத்து, அரைத்து, பொங்குவதற்குள் இன்னும் ஒரு நாள் பட்டினி கிடப்பாளே என்றார். போனவுடன் ஊற்ற வேண்டும்.

அது காரணம்தான். ஆனால் வேறொன்றும் உண்டு. அம்மாவைத் தாவீது வரவழைக்கிறான். இட்லி சுட்டுப்போடப் போகிறது அம்மா. இதில் அவர் அனுப்புவது என்று ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. கடிதம் எழுத அவருக்கு வரவில்லை.

[மேலே இருக்கிற மூன்று வரியை அவரிடம் படித்துக் காட்டினால் என்னைக் கடைக்குள் விடமாட்டார்.]

4

மூன்று வாரம் பரிசோதனை நடந்தது.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கிரைண்டர் பக்கம் போகாத மனிதர் அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். உப்புப் போடாமல் அரைத்துப் பார்த்தார். ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்துப் பார்த்தார். கெட்டியாக ஒரு நாள், தளர்வாக ஒரு நாள். அரைத்த மாவு தூக்கில் ஏறி, ரயிலில் பீச் போய்த் திரும்பி, ஈரத்துணி சுற்றிய வாளிக்குள் உட்கார்ந்தது. ஒன்றரை நாள் கழித்துத் திறந்தால் புளிப்பு வாசனை தெருமுனை வரை வந்தது.

தையல்நாயகி அம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தார்.

“எனக்கே மாவு சொல்லிக்குடுக்குறாரு சார், இந்த மனுசன்.”

தோற்ற மாவையெல்லாம் வீணாக்க மனமில்லாமல் ஊத்தப்பம் வார்த்தார். அந்த மூன்று வாரமும் தெருவில் ஒரு வீட்டிலும் காலைப் பலகாரம் செய்யவில்லை. புஷ்பம், ஊத்தப்பத்தைக் கண்டாலே ஓடி ஒளிய வேண்டியிருக்கிறது என்றார். நானும் தின்றேன். என் பங்கு ஊத்தப்பம் இந்தக் கதையின் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது.

சவுரிமுத்து தினமும் அரிகிருஷ்ணன் வீட்டுக்கு வந்தார். முதலில் தெருவோடு நின்றார். பிறகு வாசல். பிறகு கிரைண்டர் இருக்கிற கூடம். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும் என்று சைக்கிள் டியூபை வெட்டி ஒரு வளையம் செய்து கொண்டுவந்து மாட்டினார். பொங்குகிற மாவுக்குக் காற்றுப் போக வழி வேண்டும் என்று அரிகிருஷ்ணன் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டார். இதற்காக நடந்த வாக்குவாதம் முழுவதும் என் வழியாகவே நடந்தது. நான் ஒரு வாய் காபி குடிக்க முடியவில்லை. நான் போகாத நாட்களில் தையல்நாயகி அம்மாள் அந்த வேலையைப் பார்த்தார். ஒரு தடவை அவர் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட, இருவரும் மாறி மாறி கிரைண்டரிடம் பேசியதாகக் கேள்வி.

(கேள்விதான். நான் பார்க்கவில்லை. ஆனால் எடுக்க மனம் வரவில்லை.)

கடைசியில் உப்பில்லாமல், ஐஸ் தண்ணீரில், கெட்டியாக அரைத்து, தூக்கில் பாதி மட்டும் நிரப்பி அனுப்புவது என்று முடிவானது. மீதிப் பாதி மாவு பொங்குவதற்கான இடம்.

5

மீனம்பாக்கம். பார்வையாளர் டிக்கெட் வாங்கிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் உள்ளே போனோம். தையல்நாயகி அம்மாள் புதுச் செருப்பு போட்டிருந்தார். செங்கல்பட்டைத் தாண்டித் தனியாகப் போகாதவர். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் கணவரைக் காட்டி, பயமெல்லாம் அங்கே இருக்கிறது என்று சொன்னார்.

சோதனை செய்கிற அதிகாரி தூக்கைத் திறக்கச் சொன்னார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அரிகிருஷ்ணனும் சவுரிமுத்துவும் மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றார்கள். அதிகாரி குனிந்து பார்த்தார், முகர்ந்தார், ஏதோ கேட்டார். அம்மாள் பதில் சொன்னார். அதிகாரி தலையை ஆட்டிவிட்டுத் தானே மூடியை அழுத்தி மூடிக் கொடுத்தார். என்ன கேட்டார் என்று பின்னாளில் விசாரித்தேன். உப்புப் போடவில்லையா என்று கேட்டாராம்.

விமானம் ஏறியபோது வெளியே வெயிலில் நின்று பார்த்தோம். சவுரிமுத்து சிலுவைக்குறி போட்டார். அரிகிருஷ்ணன் அண்ணாந்து, அது ஒரு புள்ளியாகிற வரை பார்த்தார். பிறகு என்னிடம்,

“மாவு இந்நேரம் பொங்கி எய்ந்திருக்காதுல்ல சார்?” என்றார்.

6

நைரோபியில் நான் இல்லை. நைரோபி என்ன, பெங்களூரைத் தாண்டி நான் போனதில்லை. இந்தப் பகுதி முழுக்க, தையல்நாயகி அம்மாள் திரும்பி வந்தபின் சொன்னது. இரண்டு முறை சொன்னார். இரண்டும் ஒன்றுபோல் இல்லை.

பம்பாய் வரை ஒரு குறையும் இல்லை. விமான நிலையத்துக் குளிரில் மாவு அசையாமல் தூங்கியது. நைரோபியில் இறங்கியதும்தான் தகராறு. லுசாகா போக வேண்டிய விமானம் பழுதாகிவிட்டது. எல்லோரையும் வண்டியில் ஏற்றி ஒரு ஹோட்டலில் தங்கவைத்தார்கள். ஆப்பிரிக்கா என்றால் கொளுத்தும் என்று ஊரில் சொல்லியனுப்பியிருந்தார்கள். அங்கே ஊட்டிபோலக் குளிர். அம்மாள் இருந்த புடவையையெல்லாம் போர்த்திக்கொண்டு படுத்தார்.

மறுநாள் காலை கண் விழித்தால் தூக்கின் மூடி தரையில் கிடந்தது. டியூப் வளையம் ஒரு மூலையில். மாவு பொங்கி மேசை மேல் வழிந்து, கம்பளத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

“அந்த ரூமு பூரா நம்ம வூட்டு வாசன சார். எனக்கு அழுகையும் வர்ல, ஒண்ணும் வர்ல. நல்லா பொங்கிச்சேன்னு ஒரே சந்தோசம்.”

விமானம் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னும் அரை நாள் போனால் மாவு கடுத்துவிடும். பக்கத்து அறையில் ஒரு மலையாள டீச்சர் இருந்தார். அவருக்குத் தமிழும் இங்கிலீஷும் வந்தது. அம்மாள் அவரைக் கூட்டிக்கொண்டு நேராக ஹோட்டல் சமையற்கட்டுக்குப் போய்விட்டார். கைப்பையில் இட்லித்தட்டு இருந்தது. சமையற்காரத் தம்பி பெரிய பாத்திரத்தில் தண்ணீர் காயவைத்துக் கொடுத்தான்.

[அந்தத் தம்பிக்கு நான் மோசஸ் என்று பெயர் வைத்திருந்தேன். அம்மாளிடம் படித்துக் காட்டினேன். அது அவன் பேர் இல்லை என்றார். என்ன பேர் என்றேன். தெரியாது, ஆனால் அது இல்லை என்றார். தம்பி என்றே இருக்கட்டும்.]

அந்த ஊரில் வேர்க்கடலை நிறையக் கிடைக்கிறது. கடலைச் சட்னி அரைத்தார்கள். தம்பி போட்ட மிளகாயில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். முதல் ஈடு வெந்து இறங்கியபோது மூன்று பேர் நின்றார்கள். வாசனை மாடி ஏறிப் போய் மற்றவர்களைக் கூட்டி வந்தது. ஒரு குஜராத்திப் பாட்டியம்மா, ஒரு கன்னியாஸ்திரீ, கைக்குழந்தையோடு ஒரு கறுப்பினப் பெண், ஹோட்டல் வாசலில் நிற்கிற காவல்காரர். எல்லோர் கையிலும் தட்டு. கன்னியாஸ்திரீ நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு அம்மாளின் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டாராம்.

இரண்டாவது ஈடு அடுப்பில் இருக்கும்போது வாசலில் வண்டி வந்து நின்றது. மாற்று விமானம் தயார், உடனே ஏற வேண்டும்.

அம்மாள் ஏறவில்லை.

முதல் முறை சொன்னபோது, இங்கிலீஷில் அறிவித்ததால் தனக்குப் புரியவில்லை, மலையாள டீச்சர் கை கழுவப் போயிருந்தார், வெளியே வந்து பார்ப்பதற்குள் வண்டி போய்விட்டது என்றார். நானும் அப்படியே எழுதினேன். இரண்டாம் முறை, ஊத்தப்பம் வார்த்துக்கொண்டே சொன்னபோது கதை மாறிவிட்டது. டீச்சர் வந்து கையைப் பிடித்து இழுத்தாராம். அம்மாள்தான், நீங்கள் முன்னால் போங்கள், இரண்டாவது ஈடு இன்னும் வேகவில்லை என்று சொல்லி அனுப்பினாராம்.

இது எனக்குச் சிக்கல். சாப்பிட முடியாமல் கிடக்கும் மகளுக்காகக் கடல் தாண்டிப் போகிற தாய் வழியில் யாருக்கோ இட்லி வேகவில்லை என்று நிற்பாளா? வாசகர் நம்புவாரா? அம்மாளிடமே கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“அம்மாம் பேரும் தட்ட நீட்டிகினு நிக்கறாங்க. பாதியில எப்டி சார் எய்ந்து போறது? அடுத்த பிளேன் வராமலா பூடும்?” என்றார். சற்றுக் கழித்து, “அந்த ரெண்டு நாளும் என்னை யாரும் இன்னாரோட பொண்டாட்டி, இன்னாரோட அம்மான்னு கூப்பிடல. தையல், தையல்னு கூப்ட்டாங்க. அந்தத் தம்பிகூட” என்றார்.

நான் முதல் வடிவத்தை அடித்துவிட்டேன். பிறகு, அதுவும் இருக்கட்டும் என்று மறுபடி சேர்த்தேன்.

தூக்கின் அடியில் ஒரு டம்ளர் மாவு மிஞ்சியது. அதை வழித்து, மூடி, மறுநாள் விமானத்தில் ஏறினார்.

7

இதெதுவும் இரும்புலியூருக்குத் தெரியாது.

தாவீது கடைக்குப் போன் செய்து, சவுரிமுத்துவைக் கூப்பிட்டுச் சொன்ன செய்தி இதுதான்: தாமதமான விமானம் வந்துவிட்டது, அத்தை அதில் இல்லை. அதற்குமேல் லைன் அறுந்துவிட்டது.

நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு மவுண்ட் ரோட்டில் விமானக் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். திரும்பி வந்தபோது கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அரிகிருஷ்ணன் போன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சவுரிமுத்து படிக்குக் கீழே, வெயிலில்.

நான் வழக்கம்போல இருவருக்கும் நடுவே போய் நின்றேன். யார் என்ன சொன்னாலும் அந்தப் பக்கம் சேர்ப்பிக்கத் தயாராக இருந்தேன்.

“சம்பந்தி, உள்ள வந்து ஒக்காருங்க,” என்றார் அரிகிருஷ்ணன்.

அந்த வார்த்தை என்னைத் தாண்டி நேராகப் போனது.

சவுரிமுத்து படியேறி வந்து சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தார். நான்தானே வந்து கேட்டேன், நான் கேட்காமல் இருந்திருந்தால் அந்த அம்மா வீட்டில் இருந்திருக்கும் என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

“நீங்க வந்து சொல்லலன்னா எம் பொண்ணு பட்டினியா கீறான்னு எனக்கு யாரு சொல்லியிருப்பா?” என்றார் அரிகிருஷ்ணன்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் நிறையப் பேசினார்கள். இரண்டு வருடத்துப் பேச்சு பாக்கி இருந்தது. பிள்ளைகள் எந்த டுடோரியலில் சந்தித்தார்கள், தாவீதுக்குச் சின்ன வயதில் வந்த மஞ்சள் காமாலை, ஜெயக்கொடிக்குப் பாட்டுப் போட்டியில் கிடைத்த சொம்பு. கவலையில் பேசுகிறார்களா, கவலை மறக்கப் பேசுகிறார்களா என்று தெரியவில்லை. நான் ஒரு ஓரமாகப் போய் முதல்முறையாக என் காபியை முழுதாகக் குடித்தேன்.

மறுநாள் காலை பத்தரை மணி இருக்கும். போன் அடித்தது. அரிகிருஷ்ணன் ஓரடி பின்வாங்கினார், சவுரிமுத்து எடுத்தார். கேட்டார். எங்களைப் பார்த்தார்.

“வந்துட்டாங்களாம். நேத்து சாயந்தரமே. லைன் இப்பதான் கெடச்சுதாம்.”

அரிகிருஷ்ணன் சுவரில் சாய்ந்துகொண்டார். சவுரிமுத்து இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ரிசீவரை நீட்டினார்.

“பாப்பா உங்களாண்ட பேசணுமாம்.”

8

முடிவு. இதற்கும் சில வடிவங்கள் எழுதினேன்.

அரிகிருஷ்ணன் ரிசீவரை வாங்காமல் வெளியே போய்விடுகிறார். பத்திரிகைகளுக்கு இது பிடிக்கும். படம்கூடப் போடுவார்கள். ஆனால் அவர் போகவில்லை.

அவர் கதறி அழுது மகளிடம் மன்னிப்புக் கேட்கிறார். இது என் மனைவிக்குப் பிடித்தது. மூன்று முறை எழுதியும் அரிகிருஷ்ணன் அந்த வாக்கியத்தில் உட்காரவே மாட்டேன் என்றார்.

(இன்னொரு கவலை உங்களுக்கு இருந்தால் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஆடி மாதம் ஜெயக்கொடிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றரைக் கிலோ. தாயும் சேயும் நலம். லுசாகாவில் குஜராத்திக் கடை உளுந்தில், அந்த ஒரு டம்ளர் மாவைக் கலந்து அம்மாள் அரைத்தது நன்றாகப் பொங்கியது.)

நடந்தது இதுதான். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ரிசீவரை வாங்கினார். அத்தனை கடலையும் குரல் ஒன்றே கடந்தாக வேண்டும் என்பதுபோலக் கத்தினார்.

“ஜெயா... அங்க மணி இன்னா?”

அந்தக் காலத்து வெளிநாட்டு லைனில் நாம் பேசியது போய்ச் சேர்ந்து பதில் திரும்ப ஒரு இடைவெளி விழும். அந்த இடைவெளியில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம்.

பதில் வந்தது. எனக்குக் கேட்கவில்லை. ரிசீவர் அவர் காதோடு ஒட்டியிருந்தது. சவுரிமுத்துவுக்கும் கேட்கவில்லை. அரிகிருஷ்ணன் முகத்தை மட்டும்தான் பார்த்தோம். நெற்றி விரிந்தது. கன்னம் அசைந்தது. பிறகு வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, அவர் அப்படியே சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். பேச வாயெடுத்தார், முடியவில்லை, மறுபடி சிரித்தார்.

“இன்னொரு தபா சொல்லு,” என்றார்.

அவள் சொன்னாள் போலிருக்கிறது.

என்ன சொன்னாள் என்று அன்றே கேட்டேன். பிறகு பல தடவை கேட்டேன். அது எங்க வூட்டு விஷயம் சார் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டார். நானாக எழுதிப் பார்த்தேன். ‘இங்க ஏழு மணிப்பா, நாலு இட்லி—’ வேண்டாம். ‘மணி கேக்க உனக்கு ரெண்டு வருசமாப்பா—’ இதுவும் வேண்டாம். எதை எழுதினாலும் அந்தச் சிரிப்புக்குப் போதவில்லை. தூரத்தில் இருக்கிற யாரோ ஒருவரின் குரலுக்காகப் போன் பக்கத்தில் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த வரியை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

“. . . . . . . . . . . . . . . . . . . . .” என்றாள் ஜெயக்கொடி.

அப்போது பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒருவர் பெயிண்ட் பிரஷ் கேட்டு உள்ளே வந்தார். அரிகிருஷ்ணன் சிரிப்பதைப் பார்த்துச் சவுரிமுத்து சிரித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து நான். வந்தவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எதற்கென்று கேட்கக்கூட இல்லை, அவரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.